ஜெயிச்சவன் மீசை

எங்கப்பா நல்லாத்தான் இருக்காருங்க. அம்மாவும் நல்லா இருக்காங்க. வெடியாலகூடச் சட்னியில உப்பு சேத்தியாப் போச்சுன்னு ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டாங்க. நீங்க ஏறுனதுல இருந்து என்ற மூஞ்சியவே பாத்துட்டு வர்றீங்க, கேக்கறதுக்குச் சங்கடப்படறீங்க, அதான் நானே முந்திச் சொல்லிப்போட்டேன். மீசையே வெக்காத ஆளுன்னா ஒண்ணும் தோணாது. இது இருந்த எடம் வெளுத்துத் தெரியுதில்லீங்க? பாக்கறவங்களுக்கு ஊட்ல துக்கமாட்ட இருக்குதுன்னுதானே தோணும். தப்பில்லீங்க, நானா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்.

இந்தப் பையச் சித்த உங்க கால்கிட்ட வெச்சுக்கட்டுங்களா? தேங்கா, பழம், வெத்தல பாக்கு, ஒரு வேட்டி. மச்சினன அழைக்கப் போறேங்க. என்ற பொண்ணு தன்ஷிகாவுக்கு அடுத்த வாரம் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? அதுக்குத் தட்டம் வெச்சு நேர்ல போயி அழைக்கணும். முறைன்னா முறைதான். ஆனா அவன் முன்னால போயி எப்படிங்க தட்டத்த நீட்டறது? ஏன்னா, அவனுக்கும் எனக்கும் மீசைப் பந்தயம். ஜெயிச்சது நான். மீசை போனதும் எனக்கு. எங்காச்சும் கேட்டிருக்கீங்களா இந்த அநியாயத்த?

அவன் மீசை எனக்கு வேண்டாங்க. அத வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? 'நீங்கதான் ஜெயிச்சீங்க மச்சான்'னு அவன் வாயால ஒரு வார்த்த. அது போதும். அதச் சொல்ல மாட்டேங்கறான்.

நீங்க காங்கயம் வரைக்குங்களா? நான் அதுக்கு முன்னால வேலம்பாளையம் பிரிவுல எறங்கிக்குவேன். நேரமிருக்குது, சொல்றேன்.

என்ற பேரு ஈஸ்வரமூர்த்தி. தாராபுரத்துல ஸ்டுடியோ வெச்சிருக்கறேன். கல்யாணம், சீரு, கிரகப்பிரவேசம், எல்லாத்துக்கும் வீடியோ எடுத்து மிக்சிங் பண்ணிக் குடுக்கறது. மிக்சிங்னா, எடுத்த படத்தையெல்லாம் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேத்து, பூவு பறக்க விட்டு, கடேசியா கம்ப்யூட்டர்கிட்ட 'இத ஒரே படமா ஆக்கிக் குடு சாமி'ன்னு விட்டுரணும். அது பருப்பு வேகறாப்புல வெந்துட்டே கெடக்கும். என்ற கம்ப்யூட்டர்ல அந்தப் பருப்பு லேசுல வேகாதுங்க. கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மறுவீடு போயிட்டு வந்துருவா, என்ற படத்துல இன்னும் தாலியே கட்டியிருக்காது.

அந்தக் கம்ப்யூட்டர வாங்கிக் குடுத்தது இந்த மச்சினன்தான். தரணின்னு பேரு, எங்கூட்டுக்காரி சுகந்தியோட தம்பி. கோயமுத்தூர்க் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, ஊட்ல இருந்தே பாக்கறான். 'வெல கம்மியாப் பாரு மாப்ள'ன்னு சொன்னது நான்தான், இல்லேங்கல. அவன் ஒரு வெல சொன்னப்ப, 'அதுல பாதிக்குக் கெடைக்காதா'ன்னு கேட்டதும் நான்தான். அதுக்காக நெசமாலுமே பாதி வெலைக்கு வாங்கிருவானுங்களா? ஒரு மனுசன் பேச்சுக்குக் கேக்கறதுதானே. நம்மளப் புரிஞ்சவனா இருந்தா நல்லதாப் பாத்துப் போட்டிருக்கணும்.

போன பொங்கலுக்கு மாமனாரூட்ல எல்லாரும் பந்தியில உக்காந்திருந்தோம். சுகந்தியோட சித்தப்பா ஒருத்தரு, 'மூர்த்தி, எங்கூட்டுக் கல்யாணக் கேசட்டு இன்னும் வரலியே'ன்னு ஆரம்பிச்சாரு. அவருக்கு எல்லாமே கேசட்டுத்தான். நான் மெஷின் சித்த மெதுவுங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு தரணியப் பாத்து, 'ஏன்டா, மச்சானுக்கு நல்ல மெஷினா வாங்கிக் குடுத்திருக்கலாமில்ல'ன்னு கேட்டாரு. இவன் எலையில இருந்து தலையத் தூக்காமச் சொன்னான்.

"மச்சானுக்கு அது போதுங்க சித்தப்பா."

அம்புட்டுத்தான் சொன்னான். சிரிக்கக்கூட இல்ல. ஆனா எனக்குக் கறிக்கொழம்பு எறங்கலீங்க. மச்சானுக்கு அது போதும். அப்ப மச்சான்னா அம்புட்டுத்தான்னு அர்த்தமாகுதில்லீங்க? இவன் மட்டும் அவன் ரூமுல ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கான், கல்யாண மண்டபமாட்ட அதுக்கு உள்ளாற லைட்டெல்லாம் எரியும். நான் கையக் கழுவாமயே சொல்லிட்டேன், 'உன்ற மண்டபத்த என்ற மெஷின் முந்திக் காமிக்குது பாரு'ன்னு. அவன் சிரிச்சான். நான் மீசையத் தடவுனேன். பேச்சு மீசையில வந்து நின்னுருச்சு. தோத்தவன் மீசைய எடுக்கணும். மாமனாரு, நான் உசுரோட இருக்கறப்ப என்ன பேச்சுடா பேசறீங்கன்னு சத்தம் போட்டாரு. யாரு கேக்கறது?

என்ற மீசைய நீங்க பாத்ததில்லையே. பாத்திருக்கணும். சுகந்தி என்னையக் கட்டிக்கச் சம்மதிச்சதே அந்த மீசையப் பாத்துத்தான்னு நான் இன்னைக்கும் நம்பறேன். அவ இல்லேங்கறா. அவிய அப்பா நம்ம தோட்டத்துக் கெணத்துல தண்ணி இருக்குதான்னு எட்டிப் பாத்தாராமா, அதுல முடிவானதுன்னு சொல்றா.

பந்தயம் என்னன்னா, ஒரே கல்யாணப் படத்த ரெண்டு மெஷின்லயும் ஒரே நேரத்துல ஓட்டி விடணும். எது முதல்ல முடிக்குதோ அது ஜெயிச்சது. தரணி ஒரே ஒரு கண்டிசன் போட்டான். 'என்ன வேணாலும் பண்ணுங்க மச்சான், புதுசா ஒரு சாமானும் வாங்கிப் போடக் கூடாது.' சரிடான்னுட்டேன்.

நான் ஒண்ணும் இதுக்குப் படிச்சவனில்லீங்க. ஆனா ஒரு வேலையில எறங்கிட்டா விடமாட்டேன். தேடிப் பாத்ததுல என்ன தெரிஞ்சதுன்னா, கம்ப்யூட்டருக்கு மூளையாட்ட இருக்கற ப்ராசசருக்கெல்லாம் கம்பெனிக்காரன் ஒரு வேகம் வெச்சு அனுப்பறான். அது ஓட முடியற வேகமில்ல. இந்த வெலைக்கு இம்புட்டு ஓடுனாப் போதும்னு வெக்கிற வேகம். அதுக்கும் எனக்கும் ஒரே தலையெழுத்துன்னு அப்பவே அது மேல ஒரு பாசம் வந்துருச்சுங்க. செட்டிங்ல போயி வேகத்தக் கூட்டுனேன். சித்த தூரம் ஓடுச்சு, நீலத் திரையக் காமிச்சிட்டுப் படுத்துக்கிச்சு. வேகத்தக் கூட்டுனாப் பத்தாது, ப்ராசசருக்குப் போற வோல்டேஜையும் கூட்டணுமாமா. தீனி போடாம மாட்ட ஓட்ட முடியுங்களா? ப்ராசசர் உக்கார்ற மதர்போர்டு இருக்குதில்ல, வெல ஒசந்த போர்டுகள்ல அதுக்குன்னு தனியா செட்டிங் இருக்குது. என்ற போர்டுல இல்ல. மச்சானுக்கு அது போதும்னு வாங்குன போர்டாச்சே.

அப்பத்தான் இன்டர்நெட்ல எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன் எழுதி வெச்சிருந்தான். செட்டிங் இல்லீன்னா என்ன, போர்டுலயே பண்ணுன்னு. ப்ராசசருக்குப் பக்கத்துல வோல்டேஜ அளந்து விடற சிப்பு ஒண்ணு இருக்குது. அத ஒட்டுனாப்புல எள்ளு பெருசுல, கரண்டக் கட்டுப்படுத்தற ரெசிஸ்டர் ஒண்ணு. அந்த எள்ளு மேல பென்சில் வெச்சுத் தேய்க்கணும். பென்சில் கரி வழியாக் கொஞ்சூண்டு கரண்ட் கசியும். அந்தச் சிப்பு ஏமாந்துக்கும், 'அடடா, வோல்டேஜ் பத்தலையாட்ட இருக்குது'ன்னு இன்னும் சேத்தி அனுப்பும். கூடிப்போச்சுன்னா ரப்பர் வெச்சு அழிச்சிரலாம். எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. ஒரு சாமானும் வாங்கக் கூடாதுன்னானில்ல? பென்சில் ஊட்லயே இருக்குது.

இருந்தது சுகந்தியோட புருவப் பென்சில். கருப்பாத்தான இருக்குது, எழுதுது, அப்பறம் என்னன்னு அதையே எடுத்துத் தேய்ச்சேன். வோல்டேஜ் பாக்கற மீட்டர்ல ஒரு புள்ளி ஏறல. இன்னும் தேய்ச்சேன். ஏறல. முக்காப் பென்சில் தேஞ்சு போச்சு, போர்டு கல்யாணப் பொண்ணாட்ட மை பூசிட்டு உக்காந்திருக்குது. அது மெழுகுங்களாமா, கரியே இல்ல. சுகந்தி வந்து பாத்தா. போர்டப் பாத்தா, பென்சிலப் பாத்தா, என்னையப் பாத்தா. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.

அப்பறம் அவளே நகப் பாலிஸ் அழிக்கற தண்ணியக் காது குடையற பஞ்சுல தொட்டுச் சுத்தம் பண்ணுனா. பாப்பாவோட டிராயிங் பென்சில எடுத்தாந்து கூராச் சீவுனா. நான் சொல்லச் சொல்லக் கேக்காம நாலு பக்கம் படிச்சும் பாத்துட்டா. 'சித்தத் தள்ளுங்க'ன்னு சொல்லி, புருவம் எழுதறாப்புல அந்த எள்ளு மேல ஒரு இழுப்பு. மீட்டர் ஏறுதுங்க. நான் 'இன்னும், இன்னும்'ங்கறேன். ரெண்டு மூணு இழுப்புக்கு அப்பறம் 'போதும்'னு வெச்சுட்டா. கோடு போட்டது அவதான், ஒத்துக்கறேன். ஆனா எங்க போடணும்னு மீட்டரப் புடிச்சுட்டு நின்னது யாரு?

ஓடுச்சுங்க. நீலத் திரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷினோட பக்கத்து மூடியெல்லாம் கழட்டி விட்டு, எங்கப்பா ரூமுல இருந்த டேபிள் ஃபேனத் தூக்கிட்டு வந்து பக்கத்துல போட்டு விட்டேன். அது பாட்டுக்கு ஓடுது. படம் வெந்து வர்ற வேகத்தப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. இம்புட்டு ஓடற மெஷினப் போயி 'அது போதும்'னு சொல்லி வெச்சிருந்தான் பாருங்க. எங்கப்பா ஃபேன் எங்கடான்னு கேட்டாரு. பந்தயம் முடியட்டும் பொறுங்கன்னேன்.

பந்தயம் போன ஞாயித்துக்கெழம வெச்சுக்கிட்டோம். அவன் அவனூட்ல, நான் எங்கூட்ல. ரெண்டு பேரும் செல்ஃபோன்ல வீடியோ போட்டு, மெஷினுக்கு முன்னால நிறுத்தி வெச்சுட்டோம். நடுவரு சுகந்தி. அவ ஒருத்தனுக்கு அக்கா, ஒருத்தனுக்குப் பொண்டாட்டி, அவள விட்டா இதுக்கு ஆளில்ல பாருங்க. 'நீங்க எதையும் தொடாதீங்க'ன்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி வாக்கப் போனா.

நான் தொட்டேன். ஒரே ஒரு இழுப்புங்க. அவ போதும்னு நிறுத்துனதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. பொம்பளைக கொஞ்சம் பயந்துக்கும், அதுக்குத் தக்கன நாமதானே ரோசிக்கணும்? அந்த இழுப்புலதான் நான் ஜெயிச்சேன்னு அடிச்சுச் சொல்லுவேன். சுகந்திகிட்ட இத நான் சொல்லல. அவளும் கேக்கல. கேக்காமயே ஒரு பார்வ பாக்கறா, அது வேற.

ஆரம்பத்துல அவன் மெஷின்தான் முன்னால. அப்பறம் என்ற மெஷின் புடிக்குது பாருங்க. மாட்டு வண்டி ரேக்ளாப் பந்தயம் பாத்திருக்கீங்களா? கடேசி எல்லைக்கு வர்றப்ப மண்ணு தெறிக்க ரெண்டு வண்டியும் ஒட்டி வருமில்ல, அப்படி. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். சுகந்தி ஈரத் துண்டோட வந்து நிக்கறா. பாப்பாவ இடுப்புல வெச்சிருக்கறா. என்னமோ தீயற வாசமும் வருது. அடுப்புல ஏதோன்னு நெனச்சேன். முடிஞ்சுதுன்னு திரையில வந்துருச்சுங்க. என்றதுல. முதல்ல. அவன் மெஷின்ல அப்பவும் கொஞ்சம் பாக்கி. நான் கத்துன கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு.

உள்ளாற 'டப்'னு ஒரு சத்தம். என்னடான்னு குனிஞ்சு மூஞ்சிய உள்ள விட்டேன். குப்புன்னு ஒரு சின்ன நெருப்பு. தெனமும் எண்ண போட்டு வளத்த மீசைங்க, சும்மா விடுமா? எடது பக்கம் பத்திக்கிச்சு. சுகந்தி ஈரத் துண்டால பளார்னு ஒண்ணு போட்டா. தீய அணைக்கத்தான் அடிச்சேங்கறா. ஒரு அடியில அணைஞ்சு போச்சு. மேக்கொண்டு ரெண்டு போட்டாளே, அது எதுக்குங்க?

மெஷின் செத்துப்போச்சு. பாதி மீசை போச்சு. ஃபோன்ல தரணி, 'மச்சான், கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே, கண்ணக் காமிங்க'ன்னு கத்தறான். அத விடுங்க. கண்ணு நல்லா இருக்குதுன்னு தெரிஞ்ச ஒடனே என்ன சொன்னான் தெரியுங்களா? 'இது எப்படி மச்சான் கணக்குல சேரும்? மெஷினே போச்சு. படம் முழுசா விழுந்துச்சா இல்லயான்னு யாருக்குத் தெரியும்?'

நீங்களே சொல்லுங்க. எல்லையத் தாண்டிட்டு மாடு படுத்துக்கிட்டா, அது தாண்டலைன்னு சொல்லுவாங்களா? தாண்டுனது தாண்டுனதுதானே. சுகந்தியக் கேட்டேன், நீதானே நடுவரு, சொல்லுன்னு. அவ ஸ்க்ரூ டிரைவர எடுத்து, மெஷின்ல இருந்து ஹார்ட் டிஸ்கக் கழட்டி, துணியில சுத்திப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. கல்யாணக்காரங்க படம் அதுலதானே கெடக்குது, அதுக்காக இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

பாதி மீசையோட தெருவுல போக முடியுங்களா? மீதியையும் எடுத்துட்டேன். அங்க புடிச்சுது கெரகம். பந்தயம் தெரிஞ்சவனெல்லாம் 'தோத்துட்டயாமா மூர்த்தி'ன்னு கேக்கறான். ஜெயிச்சேன்டான்னா, அப்ப மீசை எங்கடாங்கறான். பந்தயம் தெரியாதவங்க கையப் புடிச்சுக்கிட்டு, 'அப்பா எப்பங்க? ஒரு வார்த்த சொல்லி விடலையே'ங்கறாங்க. ஒரு கல்யாணக்காரரு வந்து, துக்க ஊட்டுக்காரங்க முகூர்த்தத்துல நிக்கக் கூடாதுங்க, வேற ஆளப் பாத்துக்கறோம்னு எந்திரிச்சுட்டாரு. எங்கப்பா நல்லா இருக்காருன்னு நான் சொல்லச் சொல்ல, பாவம், துக்கத்துல பேசறான்னு என்ற தோளத் தட்டிக் குடுக்கறாரு.

வேற வழி? எங்கப்பாவக் கூட்டியாந்து ஸ்டுடியோ வாசல்ல சேர் போட்டு உக்கார வெச்சேன். போற வர்றவங்கல்லாம் பாக்கட்டும்னு. அவருக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. டீ கேக்கறாரு, பஜ்ஜி கேக்கறாரு, போறவங்களக் கூப்புட்டு, 'நான் செத்துட்டேன்னு கேள்விப்பட்டயா'ன்னு விசாரிக்கறாரு. ஃபேனயும் வாங்கிட்டு வந்து பக்கத்துல வெச்சுக்கிட்டாரு. அவரப் பாத்ததுக்கு அப்பறம் சனங்க என்ன கேட்டாங்க தெரியுங்களா? 'அப்ப அம்மாங்களா?'

இதெல்லாம் தாங்கிக்குவேங்க. மீசை வளரும். ஆர்டரு வரும். ஆனா தரணி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்த ஊர் சிரிப்ப மதிச்சிருக்கவே மாட்டேன். அன்னைக்குப் பந்தியில அவன் சொன்ன வார்த்த இருக்குதில்ல, அது நெஞ்சுலயே கெடக்குதுங்க. அத எடுக்கத்தான் இம்புட்டுப் பாடும்.

சுகந்தி முந்தாநேத்தே பாப்பாவக் கூட்டிக்கிட்டு அவியூட்டுக்குப் போயிட்டா. அந்த டிஸ்கயும் கைப்பையில போட்டுக்கிட்டா. நேத்து ஃபோன் பண்ணுனா, தட்டத்தோட வந்து சேருங்கன்னு மட்டும் சொன்னா. குரல்ல ஒரு சிரிப்பு இருந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கல, கோவத்துல இருந்தேன். நான் முடிவு பண்ணிட்டுத்தான் கெளம்பியிருக்கறேன். தட்டத்த அவன் கையில குடுக்க மாட்டேன். கட்டில் மேல வெப்பேன். மாமனாருகிட்ட ரெண்டு வார்த்த, தண்ணி ஒரு டம்ளரு, அடுத்த பஸ்ஸு. முறையும் ஆச்சு, ரோசமும் ஆச்சு.

இதோ வந்துருச்சு பாருங்க, அந்தப் பேக்கரிதான் நம்ம ஸ்டாப்பு.

என்ன கூட்டம் அங்க? துண்ட ஒதறிட்டு ஒருத்தரு சத்தம் போடறாரு பாருங்க, அவருதான் எங்க மாமனாரு. எதுக்கு இந்தக் கத்து கத்தறாரு? 'நான் கல்லாட்டம் நிக்கறேன், எவன்டா சொன்னது'ங்கறாரு. அவருக்குப் பக்கத்துல தரணி. எல்லாரும் அவன் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ… அட. அட கெரகமே. ஏனுங்க, நல்லாப் பாருங்க, எனக்குத்தான் அப்படித் தெரியுதா? மீசை எங்கீங்க அவனுக்கு?

சுகந்தி சிரிக்கறா பாருங்க பின்னால. பாப்பா அவன் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்குது.

மாப்ள, என்னடா இது? என்னது? சத்தமாச் சொல்லுடா, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல. ம். ம்.

கேட்டீங்களா? அந்த டிஸ்க அவன் மெஷின்ல போட்டுப் பாத்தானாமா. படம் முழுசா இருக்குதாமா. தாலி கட்டறதுல இருந்து கடேசியா 'வருகைக்கு நன்றி' போடற வரைக்கும் அவனே உக்காந்து பாத்தானாமா. பாத்து முடிச்ச ஒடனே நேராச் சலூனுக்குப் போயிட்டானாமா. அடுத்த வாரம் காதுகுத்துங்க, தாய்மாமன், அம்புட்டு போட்டோவுலயும் இவன் மூஞ்சிதான் இருக்கும்.

ஊரெல்லாம் நான் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு கத்துனேன், ஒருத்தன் நம்பல. இவன் வாயே தொறக்காம இவன் ஊருக்கே சொல்லிப்போட்டான் பாருங்க.

அந்தப் பையக் குடுங்க. தட்டத்த எடுக்கறேன், சித்தப் புடிங்க, வெத்தல கீழ விழுந்தரப் போகுது. ஊடு வரைக்கும் எதுக்குங்க, இங்கயே, இந்தச் சனத்துக்கு முன்னாலயே அவன் கையில குடுத்தர்றேன். கண்டக்டரண்ணா, விசில் ஊதிராதீங்க, ஆளு எறங்கணும். கண்ணுல தண்ணி வந்து படியே தெரிய மாட்டேங்குது.